சனிப்பிணம்

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே
அடுப்பை அணைக்கச் சொல்வான் நவநேசன்.
உட்துறைமுகத்துக்கு அப்பால்
சீனன்குடா மலைகளுக்குப் பின்னால்
சூரியன் இறங்கியதும் அவனுக்கு நாள் பிறந்துவிடும்.
எனக்கு நாள் பிறப்பது டச்பே பக்கம்,
ஞாயிறு விடிய, கடல் வெளுக்கிறபோது.
எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கடலுக்கும்
பத்து நிமிட நடைதான்.
நடுவில் பாய் விரித்துப் படுக்கிறோம்.

கல்யாணத்தின்போது அவனும் ஞாயிற்றுக்காரன்.
மெதடிஸ்த கோயில் பாடகர் குழுவில்
கடைசி வரிசையில் அடிக்குரல்.
பிறகு எண்பது பக்கக் கொப்பி ஒன்று வந்தது,
சிவப்பு மையில் வசன எண்கள்.
"நாளை மாற்றினது யார்? எந்த வசனம்? காட்டு."
நான் கல்லறை திறந்து கிடந்த காலையைக் காட்டுவேன்.
"அது நடந்தது. கட்டளை இல்லை."
கட்டளையிலா நடந்தது நம் கல்யாணம் என்பேன்.
சோறு ஆறிப்போகும்.

அலை வந்ததும் ஒரு ஞாயிறு காலை.
அவன் தங்கச்சி பியூலாவை அதுதான் கொண்டுபோனது.
அதை மட்டும் அவன்
ஒருநாளும் வாதத்துக்கு எடுத்ததில்லை.

ஐஸ் பக்டரி சனி வேலைக்குக் கூப்பிட்டது.
போகவில்லை. மூன்றாம் கிழமை நிற்பாட்டிவிட்டார்கள்.
இப்போது படகு எஞ்சின் திருத்துகிறான்.
சனி வந்து நிற்பவர்களிடம் நாளைக்கு வாங்கோ என்பான்.
நாளைக்கு அந்தோனியார் கோயில் ஆட்கள் வரமாட்டார்கள்.
வெள்ளி மத்தியானம் கிண்ணியாக்காரர் வரமாட்டார்கள்.
எங்கள் கிழமைக்கு மொத்தம் நாலு நாள்.

வெள்ளைச் சேட்டும் வேதப்புத்தகமுமாய்
சனி காலை படியிறங்கினவனைப் பார்த்து
எள்ளெண்ணெய்ச் சட்டியோடு கோயிலுக்குப் போன
பக்கத்து வீட்டு யோகலட்சுமி கேட்டாள்:
"தம்பிக்கும் ஏழரையோ?"
அன்று முழுக்கச் சிரித்தான்.
அவன் சிரித்து நான் கண்ட ஓய்வுநாள் அது.

போன சனி, விடியப்புறம் மூன்று மணி.
என் வார்ட்டில் நிலாவெளிக்காரர் ஒருவர் போய்விட்டார்.
வந்த மகன்களில் இளையவன்
சேட்டுக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு ஒன்றை எடுத்தான்.
"சனிப்பிணம் தனியே போகாது மிஸ்ஸி.
துணைக்கு."
வார்ட்டுக்குள் கோழி கூடாதென்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
அது எனக்கு முன்னால் கீச்சிட்டது.
சேலைன் பெட்டி ஒன்றைக் காலியாக்கிக் கொடுத்தேன்.

கையெழுத்து, வான், அழுகை.
அந்த அமளியில் பெட்டியை மறந்து போனார்கள்.
தனியேதான் போனார் மனுஷன்.

மேசையில் தலை சாய்த்து
வேறொரு சனியை நினைத்தேன்.
வெள்ளி பின்னேரம் பொழுதுபடுமுன்
அவசரமாய்க் கிடத்தி, கல் புரட்டி மூடி,
மறுநாள் முழுக்க
விரல் அசையாமல் கிடந்தவரை.
நவநேசனின் நாளை
அவரைப்போல் யார் காத்தார்?
வாசனைத் தைலங்களைக் கூட்டி வைத்துவிட்டு
அந்தப் பெண்களும் வீட்டில் சும்மா இருந்தார்கள்.
அதே பெண்கள்தான்
அடுத்த நாள் இருட்டோடு எழும்பி நடந்ததும்.
எந்த நாள் பெரிதென்று வழியில் அவர்கள் பேசவில்லை.
கல்லை யார் புரட்டுவது என்பதே பேச்சு.

நிலாவெளிக்காரரே,
நீங்கள் போன இடத்தில்
ஒருவர் ஒரு சனி முழுக்கக் கிடந்திருக்கிறார்.
இதைக் கொப்பியில் எழுத எனக்கு எண் தெரியாது.

ஏழரை மணிக்கு
பெட்டியும் கையுமாய் வீடு வந்தேன்.
மேசையில் பிளாஸ்க்.
நேற்று ஐந்தரைக்கு முன்னால்
எனக்காக அவன் ஊற்றி வைத்த தேத்தண்ணி,
பாதி சூடு.
சனிக்கிழமைகளில் எப்போதும் பாதி சூடுதான்.

"இதென்ன?" என்றான்.
"ஆஸ்பத்திரியில் மிஞ்சினது."
குஞ்சு அலகைத் திறந்து திறந்து மூடியது.
கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேட்டோடு
அவன் குந்தியிருந்து
அரிசி ஒரு பிடி எடுத்து
அம்மியில் நொய்யாக உடைத்தான்.

அது வேலையா என்று நான் கேட்கவில்லை.
கைலேஞ்சியால் அம்மியைத் துடைத்துவிட்டு
மணி பார்த்தான்.
பிந்திவிட்டது.